ராணியின் வழக்கில் நான் ஆயர்

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மண்டபத்தில் நாட்டுக்கூத்துப் போட்டோம். அரசனுக்கு அயல்நாட்டு இளவரசி வேண்டும். அதற்காக ராணியைத் திருச்சபை நீதிமன்றத்தில் நிறுத்தி, நடந்த கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புக் கேட்கிறான். அதுதான் கதை. தீர்ப்புச் சொல்லும் ஆயர் நான். ராணி என் தங்கச்சி.

திரைக்குப் பின்னால் என் அங்கிக்கு ஊசி குத்திக்கொண்டே சொன்னாள்: "மேடையிலயாவது என்ர பக்கம் நில்லுங்கோ, அண்ணை."

"ஆயர் தின்னுறது அரசன்ர சோறு. எப்பிடி நிக்கிறது?" என்றேன்.

சிரித்தாள். அவள் புருஷன் முன்வரிசையில் இருந்தான்.

அவனை அவளுக்குப் பார்த்துப் பேசி முடித்தது நான். கல்யாணத்துக்காக ஊரிலிருந்து பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவள் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு ஏலாது. என்னைத் திருப்பி அனுப்புங்கோ."

"மண்டபம் எடுத்தாச்சு. கார்ட் குடுத்தாச்சு. சனம் சிரிக்கும். பேசாமல் வா."

வந்தாள்.

கூத்துக்குச் சில வருடம் கழித்து அவனை விட்டுப் பிரிந்தாள். ஜெர்மன் கோர்ட் விவாகரத்துக் கொடுத்தது. பிறகு நல்ல மனிதர் ஒருவர் அமைந்தார். அவரைக் கோயிலில் கைப்பிடிக்க, பழைய கல்யாணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் சொல்ல வேண்டும். கட்டாயத்தில் நடந்த கல்யாணம் என்று எழுதிக் கொடுத்தாள். அம்மா, அப்பா இல்லை. சாட்சி நான் ஒருவன்தான்.

விசாரணை அறையில் ஒரு மேசை. ஒரு குருவானவர். மொழிபெயர்க்க வந்த அக்கா எங்கள் பங்குக்காரி. வேதாகமத்தில் கை வைத்தேன். குருவானவர் கேட்டதை அக்கா தமிழில் சொன்னார்.

"உங்கட தங்கச்சி விரும்பித்தான் கலியாணம் முடிச்சவவோ?"

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஞாயிறு பூசைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"ஓம். விரும்பித்தான்."

வெளிவாசலில் தங்கச்சி நின்றாள். "சொன்னனீங்களோ, அண்ணை?"

"சொன்னன்."

அந்த அக்காவும் வெளியில் பேசுவதில்லை என்று சத்தியம் செய்தவராம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடிதம் வந்தது. கட்டாயம் நிரூபிக்கப்படவில்லை. மடித்து வைத்தாள்.

அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். கோயிலுக்கு அது கல்யாணம் இல்லை. அதனால் குருவானவர் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை அவள் வாங்கக் கூடாது. பூசையில் என் பக்கத்தில்தான் இருப்பாள். நற்கருணை நேரம் வந்ததும் கால்களை ஒதுக்கி எனக்கு வழி விடுவாள்.

நான் போய் வாங்கிக்கொண்டு வருவேன்.