பெரியம்மா எண்டால் என்ன முறை

எங்கள் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் யாரும் அம்மாவை அன்ரி என்று கூப்பிடக் கூடாது. அது அம்மா போட்ட சட்டம்.

"அப்பாவின்ர தங்கச்சியும் அன்ரி, அம்மாவின்ர தங்கச்சியும் அன்ரி, கடையில நிக்கிறவளும் அன்ரி. எல்லாச் சட்டிக்கும் ஒரே அகப்பை மாதிரி, அதென்ன சொல்லு," என்பா.

ஆகவே காலையில் எங்கள் வாசலில் இறக்கிவிடப்படுகிற அத்தனை பிள்ளைகளுக்கும் அவ பெரியம்மா. கானா நாட்டிலிருந்து வந்த தாயொருத்தியின் மகன் ஒருவன் இருக்கிறான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது நாலைந்து சொற்கள். அவனும் வந்தவுடன் காலை நீட்டி, "பெரியம்மா, ஷூ" என்பான்.

அம்மா பதிவுசெய்த பிள்ளை பராமரிப்பாளர். லண்டனில் மிச்சம் என்று ஒரு இடம், அங்கே ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. முன்னறைதான் அவவின் வேலைத்தலம். படிக்கட்டுக்குத் தடுப்புக் கதவு, சுவரில் பதிவுச் சான்றிதழ், மூலையில் மத்தியானம் படுக்கிற மெத்தைகள். ஆராவது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "எல்லா இடமும் ஓடி முடிஞ்சு இப்ப மிச்சத்தில நிக்கிறம்" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பா.

சண்டைக்குப் பயந்து ஊர் ஊராக ஓடினது உண்மை. ஓடின ஓட்டத்தில் அவவின் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. அப்பாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு வருகிற கடிதம், மின்னஞ்சல், பொயிலர் திருத்துகிறவரோடு சண்டை, எல்லாம் என் பொறுப்பு. எனக்கும் எதையும் மூன்று தரம் விளக்குகிற பழக்கம் ஒன்று வந்துவிட்டது. நான் தொண்டையைச் செருமினாலே அம்மா, கோட்டில் வக்கீல் எழும்பினது மாதிரி, "அப்புக்காத்தர் தொடங்கிட்டார்" என்பா.

இந்தத் தொழிலில் பிள்ளைகளால் வருகிற கரைச்சல் குறைவு. தாய் தகப்பனால் வருவதுதான் கூட. பிள்ளை பார்க்கிற செலவுக்கு அரசாங்கம் தருகிற உதவிப் பணம், பெனிபிட், அதுதான் காரணம். போன வருசம் ஒரு தகப்பன் வந்தார். நல்ல உடுப்பு, நல்ல மரியாதை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்:

"அக்கா, எங்கட பிள்ளை வீட்டிலதான் நிக்குது. ஆனா உங்களிட்ட வாறது எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். பெனிபிட் வந்தால் உங்களையும் கவனிப்பம்."

அம்மா கோபப்படவில்லை. "தம்பி, வராத பிள்ளைக்கு நான் எப்பிடிச் சோறு தீத்துறது? காத்துக்குத் தீத்தச் சொல்லுறியளோ?" என்று கேட்டா.

அவர் தேத்தண்ணியை முடிக்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு கோயிலில் கண்டால் எங்களைப் பார்க்காமல் சாமியையே பார்ப்பார். அம்மாவுக்கு அதில் பெரிய புழுகமும் பெருமையும். தன்னால்தான் அந்த மனுசனுக்குப் பக்தி வந்தது என்பா.

இப்படி நேர்மையாக இருந்த மனுசிதான், ஒருநாள் ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு மோசடிக் கேசை உண்டாக்கிவைத்தா.

அன்று பக்கத்து ஊரான சட்டனில் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழட்டுகிறேன். அம்மா அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் முகம் முழுக்கச் சந்தோசமாக நிற்கிறா.

"தம்பி, இண்டைக்கு பெனிபிட் ஒபிசில இருந்து போன் வந்தது. உன்னை ஆக்கினைப்படுத்தேல்லை. நானே இங்கிலீசில கதைச்சு முடிச்சிட்டன்."

நான் ஒரு கால் சப்பாத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். "என்ன கேட்டவை?"

"எங்கட சின்னவள் இஞ்ச வாறவளோ எண்டு. ஓம், ஒழுங்கா வாறவள் எண்டன்."

சின்னவள் என்பது அம்மா பார்க்கிற மூன்று வயதுப் பிள்ளை. தாய்க்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அந்தத் தாய்க்கு அம்மா அக்கா, பிள்ளைக்குப் பெரியம்மா.

"வேற?"

"தாயை உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டாள். மை சிஸ்ரர் எண்டன்."

"ஐயோ அம்மா."

"என்ன ஐயோ? அக்கா எண்டுதானே கூப்பிடுறாள். பிறகு, பிள்ளை உங்களுக்கு ரிலேற்றட்டோ எண்டு கேட்டாள். யெஸ், மை ஓன் எண்டன். அந்தப் பெட்டை நல்ல பிள்ளை, தாங்க் யூ சொல்லித்தான் வைச்சவள்."

நான் இருந்து விளக்கினேன். சொந்தக்காரர் பிள்ளையைப் பார்த்தால் அரசாங்கம் அந்த உதவியைத் தராது. பெரியம்மா, சித்தி, மாமி எல்லாரும் அதில் அடக்கம். பிள்ளையின் தாய், பார்க்கிறவர் சொந்தமில்லை என்று சொல்லித்தான் உதவி எடுக்கிறா. இப்போது பார்க்கிறவரே போனில் என் சொந்தத் தங்கச்சி என்று சொன்னால், தாய் பொய் சொன்னதாகத்தானே ஆகும்? மூன்றாம் தரம் விளக்குகிறபோது அம்மாவின் முகத்தில் சந்தோசம் இல்லை.

அடுத்த கிழமை அந்தத் தாய் வேலை உடுப்போடேயே வந்து நின்றா. விசாரணை முடியும்வரை உதவியை நிறுத்திவைத்திருக்கிறார்களாம்.

"அக்கா, என்னத்தைச் சொன்னனீங்கள் அவையளுக்கு?"

"உன்னை என்ர சகோதரி எண்டனான். பிழையோ?"

அவவுக்கு அழவும் ஏலாது, சிரிக்கவும் ஏலாது. "பிழையில்லை அக்கா. ஆனா இந்த உதவி நிண்டால் நான் பகல் ஷிப்டை விடவேணும். இப்பதான் என்னை சீனியர் ஆக்கப் போறம் எண்டு மனேச்சர் சொன்னவ. ஏலுமோ ஏலாதோ எண்டு கெதியாச் சொல்லட்டாம்."

நான் தொண்டையைச் செருமினேன். "அக்கா, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. உண்மையில் சொந்தம் இல்லைத்தானே?"

"தம்பி, நீங்களுமோ?"

"கேக்கவேண்டியது என்ர கடமை."

"நான் வவுனியா, அக்கா நெல்லியடி. எந்தப் பக்கத்தால வந்தாலும் சொந்தமில்லை."

"அப்பிடிச் சொல்லாத," என்றா அம்மா. "வவுனியாவில எங்கட ஒண்டுவிட்ட மாமா ஒருத்தர் கலியாணம் செய்து இருந்தவர். மனுசி எந்தப் பக்கமெண்டால்..."

"அம்மா, தேடாதேங்கோ," என்றேன்.

தேடினால் கிடைத்துவிடும் என்பதுதான் என் பயம். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் தேத்தண்ணிக்குள் ஊர், இரண்டாவது தேத்தண்ணிக்குள் சொந்தம். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் இரண்டாவது தேத்தண்ணியை நான் தடைசெய்திருந்தேன்.

அலுவலர் ஒருவர் நேரில் வந்து கேட்கப்போவதாகச் சொன்னார்கள். பின்னேரங்களில் அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தேன். நான் அலுவலர். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு பதில் சொல்லவேண்டும்.

"இந்தப் பிள்ளை உங்களுக்குச் சொந்தமோ?"

"அது வந்து, தம்பி..."

"வந்து போய் இல்லை. சொந்தமில்லை எண்டு சொல்லுங்கோ."

"பிறத்தியார் எண்டு எப்பிடிச் சொல்லுறது? சின்னவளும் பக்கத்தில நிப்பாளெல்லே. அவளுக்குக் காது கேக்கும்."

"அவளுக்கு மூண்டு வயசம்மா."

"மூண்டு வயசிலதான் காது நல்லாக் கேக்கும். பிறகு படிச்சு வந்தால்தான் கேக்காமப் போறது."

அந்தக் குத்தல் எனக்குத்தான். வெங்காயத்தைக் காரணம் காட்டி அம்மா கண்ணைத் துடைத்தா. நான் பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

அலுவலர் ஒரு மழை நாளில் வந்தார். நெடிய மனுசன், நனைந்த குடை, களைத்த முகம். நான் மொழிபெயர்க்கிறேன் என்றதற்கு, மகன் மொழிபெயர்க்க விதியில் இடமில்லை, நீங்கள் ஒன்றும் பேசாமல் இருக்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார். போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார். அதிலிருந்து தமிழ்நாட்டுக் குரல் ஒன்று வந்தது.

"வணக்கம்மா. நான் மொழிபெயர்ப்பாளர் பேசுறேன். யார் என்ன சொன்னாலும் அப்படியே சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"நல்லது பிள்ளை. சாப்பிட்டாச்சோ?"

போன் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னது. தன்னைத்தான் கேட்கிறா என்று நினைத்து அலுவலர், ஆச்சு, சான்ட்விச், என்றார்.

சின்னவள் வந்து அம்மாவின் மடியில் ஏறினாள். அலுவலரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "பெரியம்மா, இந்த மாமா ஏன் சப்பாத்தோட வந்தவர்?" என்று கேட்டாள்.

போன் ஆங்கிலத்தில் சொன்னது: "குழந்தை கேட்கிறது, அம்மாவின் அக்காவே, இந்தத் தாய்மாமன் ஏன் ஷூவோடு வந்திருக்கிறார்?"

அலுவலர் நிமிர்ந்தார். தாய்மாமனும் இந்த வீட்டில்தான் இருக்கிறாரா என்று கேட்டார். இருந்த சொந்தம் போதாதென்று புதிதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது.

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. "உங்களைத்தான் சொல்லுறாள் தம்பி. மழைக்குள்ள வந்தனீங்கள், பரவாயில்லை."

"உங்களைத்தான் சொல்கிறாள், தம்பியே," என்றது போன் ஆங்கிலத்தில். "மழையில் வந்ததால் பரவாயில்லையாம்."

அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கழட்டினார். ஒரு காலுறையில் பெருவிரலடியில் ஓட்டை. சின்னவள் அதைக் கண்டுவிட்டு மரியாதையாக ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினா. "தம்பி, அவருக்குத் தேத்தண்ணி கொண்டு வா."

"தம்பியே, அவருக்குத் தேநீர் கொண்டு வா," என்றது போன்.

அலுவலர் என்னைப் பார்த்தார். மகன் என்றல்லவா சொன்னீர்கள், என்றார். எங்கள் பக்கத்தில் தாய்மார் பெற்ற மகனையே தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று விளக்க எனக்கு வாய் துடித்தது. பேசக் கூடாது என்பது விதி. வாழ்க்கையில் ஒருவர் விளக்கம் கேட்டும் நான் சும்மா நின்ற ஒரே நேரம் அதுதான்.

அந்த நேரம் மூலை மெத்தையிலிருந்து கானாப் பொடியன் நித்திரை குழம்பி எழும்பினான். நடு அறைக்கு நடந்து வந்து, இரண்டு கையாலும் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, சூச்சூ" என்றான்.

போன் ஒருதரம் தொண்டையைச் செருமியது. பிறகு, கடமையை விடாமல், "அம்மாவின் அக்காவே, எனக்குச் சிறுநீர் வருகிறது," என்றது.

அலுவலர் பொடியனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். திரும்பவும் பொடியனைப் பார்த்தார். அம்மா சின்னவளை இறக்கிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினா.

"சார்," என்றது போன். "எதையும் கூட்ட மாட்டேன்னு சொன்னேன். ஆனா ஒரு விளக்கம் சொல்ல அனுமதி வேணும்." பிறகு ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னது: எங்கள் மொழியில் தெரியாத ஆளைக்கூட உறவு சொல்லித்தான் கூப்பிடுவோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது மரியாதை இல்லை, எனக்குக் கீரை கொடுக்கிறவரும் அண்ணன்தான், நீங்கள் இந்த வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்துக்குள் ஒரு குழந்தைக்கு மாமாவும் அந்த அம்மாவுக்குத் தம்பியும் ஆகிவிட்டீர்கள். நீங்கள் இவர்களுக்குச் சொந்தமா?

அவர் சிரித்தார். களைத்த முகத்தில் அவ்வளவு சிரிப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா திரும்பி வந்து இருந்ததும், ஒரே ஒரு கேள்விதான் மிச்சம், என்றார். இரத்தத்தாலோ கலியாணத்தாலோ இந்தப் பிள்ளை உறவா? அதற்குமட்டும் நேரான பதில் தரவேண்டும்.

போன் மெதுவாகக் கேட்டது. "அம்மா, இந்தக் குழந்தை உங்களுக்குச் சொந்தமா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

சின்னவள் திரும்பவும் மடியில் ஏறி, அம்மாவின் காப்பை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நிற்கிறேன். இவ வவுனியா மாமாவைத் தொடங்கினால் அந்தத் தாயின் வேலை போச்சு. அம்மா பிள்ளையின் உச்சியைப் பார்த்தா. பிறகு போனை விட்டுவிட்டு அலுவலரை நேராகப் பார்த்து,

"நோ, சேர்," என்றா. "நோ ரிலேஷன்."

இதில் போனுக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. அலுவலர் நன்றி சொன்னார். அம்மா ஒரு பிஸ்கற்றை எடுத்துச் சின்னவளின் கையில் வைத்தா. சாப்பாட்டுக்கு முன்னம் பிஸ்கற் கொடுப்பதில்லை என்பது அவவின் இன்னொரு சட்டம்.

விசாரணை முடிந்து உதவி திரும்ப வந்தது. தாய் தன் மனேச்சரிடம் ஏலும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பின்னேரமே லட்டுப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. நான் தேத்தண்ணித் தடையை நீக்கினேன். எல்லாரும் இருந்து காலுறை ஓட்டையிலிருந்து சூச்சூ வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தோம்.

"எண்டாலும் கடைசியில சொல்லிப்போட்டியள்தானே அம்மா," என்று நான் சீண்டினேன். "சொந்தமில்லை எண்டு."

"எங்க சொன்னனான்?"

"அவருக்கு முன்னால. நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

"அது இங்கிலீசில," என்றா அம்மா, லட்டை உடைத்துச் சின்னவளுக்குக் கொடுத்துக்கொண்டே. "தமிழில நான் ஒண்டும் சொல்லேல்லை."

அந்தத் தாய் சின்னவளின் வாயில் ஒட்டியிருந்த லட்டுத் தூளைத் துடைத்துவிட்டா. கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டா. இரண்டாவது தேத்தண்ணி.

"அக்கா, அந்த வவுனியா மாமாவின்ர மனுசி," என்றா, "எந்தப் பக்கம்?"

அம்மா கதிரையை அவவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டா. நான் என் லட்டை எடுத்துக்கொண்டு, காதில் விழாத தூரத்துக்கு, மேல்மாடிக்குப் போய்விட்டேன்.