அம்மாவின் தமிழுக்குக் கிடைத்த பாராட்டு

இன்று அம்மாவோடு, எங்கள் குமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

உள்ளே, சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் கறுப்புத் தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவால் சும்மா இருக்க முடியாது.

"முட்டை வெள்ளையும் தேங்காச் செரட்டைக் கரியும் சேத்துத் தேச்ச தரையாக்கும், பிள்ளே. முகம் தெரியுதா பாரு."

அவர் வியப்போடு கேட்டுக்கொண்டார். பிறகு மனதாரச் சொன்னார்: "கேரளாக்காரங்களா இருந்தும் எவ்ளோ நல்லா தமிழ் பேசுறீங்க ஆன்ட்டி!"

"அய்யோ, நமக்கு வீடு தக்கலையிலயாக்கும். நாங்க தமிழாளுவதான்."

"அப்படியா? பேச்சுல தெரியவே இல்லையே!"

அம்மா சிரித்தாள்.

அடுத்த கூடத்தில் ஒருவர் வெளியே போகும் வழியைக் கேட்டார். அம்மா என் தோளைத் தொட்டாள். "நீ சொல்லு மக்கா. நான் சொன்னா அவங்களுக்கு மனசிலாவாது."

சென்னை விடுதியில் நான் பழகிக்கொண்ட தமிழில் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது. அதன்பிறகு வீடு வரும்வரை அம்மா யாரிடமும் பேச்சுக் கொடுக்கவில்லை.

பாராட்டியவர் நல்லவர்தான். கோபப்படக்கூட வழியில்லை.

உங்கள் அம்மாவுக்கும் யாராவது, சொந்த ஊரிலேயே வைத்து, தமிழ் நன்றாக வருகிறது என்று நற்சான்று கொடுத்திருக்கிறார்களா?