இடப்பக்கம் போகச் சொன்ன நடைபாதை

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு ஒரு சீரமைப்புத் திட்டம் வந்தது. அப்போது மாவட்டத் தலைநகர் வேலூர். திருவண்ணாமலையில் சாக்கடை மூடி உடைந்தாலும் காகிதம் வேலூருக்கும் சென்னைக்கும் போய்த்தான் திரும்பும். வரைபடமும் அப்படி மேலேயிருந்து வந்ததுதான். கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களும் ஒருவழிப் பாதை. ஓரத்தில், நடப்பவர்களுக்காக இரும்புக் கம்பி அடைத்த நடைபாதை. அதிலும் வண்டிகள் போகும் திசையிலேயே போகச் சொல்லி அம்புக்குறிப் பலகைகள்.

இடப்பக்கம் திரும்புவது வண்டிக்குச் சுலபம். எல்லா மூலையிலும் இடப்பக்கமே திரும்பினால் கோயில் நம் இடக்கைப் பக்கம் வரும். அது எந்த ஊருக்கும் சரியான கணக்கு. ஆனால் இங்கே யாரும் அண்ணாமலையாரை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றமாட்டார்கள். வண்டிகள் போலீசுக்குப் பயந்து பழகிக்கொண்டன. நடைபாதையில் ஆடுகள் படுத்துக்கொண்டன.

அந்தக் கார்த்திகைத் திருவிழாவின் மூன்றாம் நாள் காலை, நான் ஆசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்திலேயே படித்த ஏழு வயது மகளோடு, கோயிலுக்குக் கிழக்கே தேரடிக்குப் போனேன். தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். அகலம் முழுக்க ஜனம். பூ வாங்க அவள் கையை விட்டேன். முழம் போட்டுத் தந்ததை வாங்கிக்கொண்டு திரும்பினால் அவள் இல்லை.

“இப்பத்தான் இங்க நின்னுச்சி” என்றாள் பூக்காரி. “ஜனத்தோட போயிருக்கும். நீயும் அப்படியே போம்மா.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். கூட்டம் தெற்கே நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். அவள் கட்டியிருந்தது போல் சிவப்புப் பாவாடை தெரிந்த இடத்திலெல்லாம் எட்டிப் பிடித்தேன். இரண்டு முறை யாரோ பெற்ற பிள்ளைகள் என்னைப் பார்த்து மிரண்டன. தெற்குத் தெருமுனையில் நின்ற போலீஸ்காரரிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

“அழாதீங்கம்மா. மைக்குல சொல்லச் சொல்றேன். எல்லாரும் ஒரே பக்கமாப் போறாங்க, எங்க போயிடும்?”

அதுதான் என்னைக் கலக்கியது. எல்லோரும் ஒரே பக்கம் போனால், முன்னால் போகிற பிள்ளையைப் பின்னால் போகிறவள் எப்போது எட்டுவாள்?

கோயிலின் மேற்கு வாசலான பேகோபுரத்தை நெருங்கும்போது கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். காலியாகக் கிடந்த நடைபாதையில் ஒரே ஓர் ஆள். என் மகள். ஆடுகளுக்கு வழிவிட்டு, கூட்டத்துக்கு எதிர்த்திசையில், என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். கூட்டத்துக்குள் வந்திருந்தால் இடுப்புயரப் பிள்ளை என் கண்ணில் பட்டிருக்கவே மாட்டாள்.

கம்பிக்கு மேலாகவே தூக்கிக்கொண்டேன். இடுக்கில் சிக்கிப் பாவாடை ஓரம் கிழிந்தது.

“ஏன்டி இந்தப் பக்கம் வந்த?”

“உன்னத் தேடித்தான். அம்பு போட்டிருந்திச்சில்ல. நீதான பள்ளிக்கூடத்துல சொல்லுவ, போர்டு பாத்து நடக்கணும்னு.”

பக்கத்தில் கற்பூரம் விற்ற பெரியவர் சிரித்தார். “பரவால்லயே. மெட்ராஸ்காரன் போட்ட பாதையில நடக்கறதுக்கும் ஒரு ஆள் இருக்குது.”

எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு. இந்த ஊரைப் பார்த்திராத யாரோ ஒருவர் வரைந்த கோட்டில், யாரும் கால் வைக்காத பாதை என் பிள்ளைக்காகக் காலியாக இருந்திருக்கிறது. அதை நல்ல திட்டம் என்று இன்றும் சொல்லமாட்டேன். திட்டவும் வாய் வரவில்லை.

அவளுக்கு இப்போது கல்லூரிப் படிப்பும் முடியப்போகிறது. தேரடிப் பக்கம் கூட்டத்தைப் பார்த்தால் இன்னும் என் கை தானாக அவள் மணிக்கட்டுக்குப் போகிறது. “வலிக்குதும்மா” என்பாள். கொஞ்சம் தளர்த்துவேன்.