என் கட்டுரைக்கு மேலே ஐயாவின் மீசை

எங்கள் வலைத்தளத்தில் எட்டுப் பேர் இருந்தோம். ஏழு பேர் நிர்வாகிகள். எட்டாவது ஆள் நான், அந்தத் தளத்தை உருவாக்கியவள்.

இது எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். மலையகத்தில் ஒரே ஒரு கமிட்டிக் கூட்டத்திலாவது உட்கார்ந்து எழுந்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஹட்டனில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த கையோடு, தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் தோட்டத்து ஆட்களே எழுத ஓர் இடம் வேண்டும் என்று நான் அதைத் தொடங்கினேன். சேர வந்த ஏழு பேரோடு முதல் கூட்டம் தலவாக்கலையில் ஒரு கடையின் மேல்மாடியில் நடந்தது. எழுத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. திருவிழாவுக்குக் கமிட்டி போடுவதுபோல் தலைவர், உப தலைவர், செயலாளர் என்று பிரித்தார்கள். காசே புழங்காத தளத்துக்கு ஒரு பொருளாளர் வேறு. போஷகராக, அதாவது கௌரவப் புரவலராக, எங்கள் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஐயாவைத் தெரிவு செய்து கை தட்டினார்கள். பிறகு செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இந்த வெப்சைட்டுக்குள்ள என்னென்ன பதவி இருக்கு?"

நானும் வெள்ளந்தியாக விளக்கினேன். நிர்வாகி எல்லாம் செய்யலாம். ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம். எழுத்தாளர் தான் எழுதியதைத் தானே வெளியிடலாம். பங்களிப்பாளர் எழுதலாம், ஆனால் வெளியிட இன்னொருவர் அனுமதிக்க வேண்டும். சந்தாதாரர் வாசிக்கலாம், அவ்வளவுதான். ஒரு தளத்துக்கு ஒரு நிர்வாகி போதும் என்றும் சொன்னேன். அது மட்டும் யார் காதிலும் விழவில்லை. தலைவரை நிர்வாகியாக்கினால் உப தலைவருக்கு மனஸ்தாபம் வரும், உப தலைவரை ஆக்கினால் பொருளாளர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். அதனால் எல்லோரும் நிர்வாகி என்று முடிவாயிற்று.

செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாருமே அட்மினா இருந்தா நல்லா இருக்காதுல்ல. எழுதுறதுக்கும் ஒரு ஆள் வேணுமே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையாலேயே என்னை நிர்வாகியிலிருந்து பங்களிப்பாளராக இறக்கினேன். பதவி போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் எழுதுவதற்கு மேலே என் பெயர் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் ஆசை. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருடைய பெயராவது அச்சில் வந்ததென்றால், அது மரண அறிவித்தலில்தான்.

அதன் பிறகு நிர்வாகிகள் பிறந்தநாள் வாழ்த்தும், ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திய படங்களும் போட்டார்கள். நான் கட்டுரைகள் எழுதினேன். அவற்றைப் பார்த்து உடனுக்குடன் அனுமதித்தவர் போஷகர் ஐயா ஒருவர்தான். அவரை மனதாரத் திட்ட முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

அந்தக் கட்டுரைகளில் ஒன்றை மட்டும் பல நாள் தயங்கிவிட்டுத்தான் அனுப்பினேன். "நான் பெரியவளான அன்று எங்கள் லயத்துப் பைப்பில் தண்ணீர் வரவில்லை" என்று அது தொடங்கும். தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்தில் தண்ணீரில்லாமல் அன்று நானும் அம்மாவும் பட்ட பாட்டை ஒளிக்காமல் எழுதியிருந்தேன். ஒரு கருத்துக்கூட வரவில்லை. எனக்கு வருத்தம்தான்.

பிறகு வெள்ளவத்தையில் ஒரு கடையில் கணினி வேலை கிடைத்தது. ஐயாவிடம் சொல்லிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். அவரும் "நல்லா இருங்க மகள்" என்று வாழ்த்தி அனுப்பினார்.

கொழும்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத் தங்கியிருந்த பிள்ளையிடம் பெருமையடிக்க அந்தக் கட்டுரையைப் போனில் எடுத்துக் கொடுத்தேன். அவள் முதல் வரியை வாசித்தாள், மேலே பார்த்தாள், மறுபடி வாசித்தாள்.

"இந்த ஐயாவா பெரியவளானாரு?"

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே ஐயாவின் பெயர், பக்கத்தில் கழுத்து டையும் முறுக்கிய மீசையுமாக அவருடைய படம். என்னுடைய எல்லாக் கட்டுரைகளுக்கும் அதே மீசைதான். உடனே போன் எடுத்தேன்.

"நீங்கதான் போயிட்டீங்களே மகள்" என்றார் ஐயா, நிதானமாக. "ஆள் தோட்டத்த விட்டுப் போயிட்டா செக்ரோல்ல பேரு வெட்டணும்ல? அதான் வெட்டுனேன்."

வேலையாட்களின் பெயர் பதிகிற செக்ரோலோடு வாழ்நாளைக் கழித்தவர் அவர். போனவர்களின் பெயரை வெட்டுவது அவருக்குக் குளிப்பதுபோல.

"வெட்டுறப்ப அந்த வெப்சைட்டு ஒரு கேள்வி கேட்டிச்சி. இவங்க எழுதுனத அழிக்கிறதா, வேற ஆளுக்குக் குடுக்கிறதான்னு. அழிக்க மனசு வருமா? என் பேருல காப்பாத்தி வச்சிருக்கேன்."

நன்றி சொல்வதா சண்டை போடுவதா என்று தெரியாமல், கட்டுரைக்குக் கீழே பார்த்தேன். செயலாளர் அதை "போஷகர் ஐயாவின் நெஞ்சைத் தொடும் பதிவு" என்று முகநூலில் பகிர்ந்திருந்தார். அங்கிருந்து வந்தவர்களின் கருத்துகள் கட்டுரைக்குக் கீழே குவிந்திருந்தன. எல்லாம் பெண்கள். முதல் வரியை யாருமே வாசிக்கவில்லையா, இல்லை பெரிய கிளாக்கர் சொன்னால் அதுவும் நடந்திருக்கும் என்று நம்பிவிட்டார்களா, எனக்கு இன்றுவரை புரியவில்லை. இறம்பொடைப் பக்கத்துப் பெண் ஒருத்தி தனக்கு நடந்ததை நீளமாக எழுதி, "இத நான் எங்க அம்மாகிட்டகூட சொன்னதில்லீங்க ஐயா" என்று முடித்திருந்தாள். ஐயா "நன்றி மகள்" என்று பதில் போட்டிருந்தார். அவள் எழுதியதை மறுபடி மறுபடி வாசித்தேன். அவள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை இவரிடம் சொல்லிவிட்டாளே என்று பொறாமையாக இருந்தது.

"என்னத் திரும்பச் சேத்து, கட்டுரைய எல்லாம் என் பேருக்கு மாத்துங்க ஐயா" என்றேன். அவரும் மறுக்காமல் அன்றே சேர்த்தார். பதவி எதையும் தேர்ந்தெடுக்காமல் சேர்த்ததால் தளம் தானாகவே என்னைச் சந்தாதாரராக்கியது. ஐயாவின் பெயரில் இருந்த என் எழுத்தை வாசிக்க எனக்கு முறைப்படி உரிமை கிடைத்தது.

மறுபடி போன் எடுத்தேன். "எனக்கு இந்த நுணுக்கமெல்லாம் வராது மகள். என் பாஸ்வேர்ட சொல்றேன், நீங்களே செஞ்சிக்கங்க" என்றார்.

சொல்லியும்விட்டார். ஐயாவாக உள்ளே நுழைந்து என்னை எழுத்தாளராக்கினேன். கட்டுரைகளை ஒவ்வொன்றாக என் பெயருக்கு மாற்றினேன். முடிந்ததைச் சொன்னபோது, "நல்லது, உரியவங்ககிட்டப் போய்ச் சேரணும்" என்றார் அவர். மனதிலிருந்து வந்த பேச்சு அது. தண்ணீர்க் கட்டுரையை மறுபடி திறந்து என் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் அதற்குக் கீழே புதிதாக ஒரு கருத்து வந்திருந்தது.

"இது பெரிய கிளாக்கர் ஐயா எழுதுனது. யாரோ ஒரு பொண்ணு திருடித் தன் பேரப் போட்டிருக்கு. ஐயாவ நம்பித்தான் நான் என் கதைய எழுதுனேன். கண்டவங்க வாசிக்க இல்ல. அட்மின், தயவுசெஞ்சி என் கதைய எடுத்துருங்க."

எழுதியவள் இறம்பொடைப் பெண்.

என்ன பதில் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே செயலாளர் முந்திக்கொண்டார்: "தகவலுக்கு நன்றி சகோதரி. உங்கள் கதையை நீக்கிவிட்டோம். அந்தப் பெண் யாரென்று விசாரிக்கிறோம்."