பம்ப் அறையில் கலந்த வாளி

ஒரகடம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் சின்ன நீச்சல் குளம் உண்டு. மார்கழியில் மகளுக்குப் பிறந்தநாள். பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாதென்று முதல் நாளே ஹீட்டரைப் போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் அந்தச் சூட்டில் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது.

குளம் சுத்தம் செய்கிற தேவராஜ் வாலாஜாபாத்திலிருந்து வந்தார்.

“இன்னிக்கு குளோரின் போட்டுட்றேன் மேடம். ஆசிட் நாளைக்குத்தான். ரெண்டும் ஒண்ணா சேந்தா வெசம்.”

“பதினோரு மணிக்குப் பசங்க வந்துடுவாங்க. கலந்து ஊத்துங்க, ஒண்ணும் ஆகாது. முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்,” என்றேன்.

அவர் குளோரினையும் ஆசிடையும் எடுத்துக்கொண்டு வாளியோடு பம்ப் அறைக்குள் போனார். சற்று நேரத்தில் நெஞ்சைக் கிழிக்கிற மாதிரி இருமல் கேட்டது. கதவிடுக்கில் மஞ்சள் புகை வந்தது. அவர் தவழ்ந்துதான் வெளியே வந்தார்.

நான் காரில் கொண்டுபோய்ச் சேர்த்த மருத்துவமனையில் டாக்டர், “யார் கலக்கச் சொன்னது?” என்று கேட்டார்.

தேவராஜ் ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, “நான்தான் சார் அவசரப்பட்டுட்டேன்,” என்றார்.

எங்கள் குடியிருப்பில் ஏழு வீட்டுக் குளங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அந்த வேலை போய்விடக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. பக்கத்திலேயே நின்றும் நான் வாய் திறக்கவில்லை.

அதன்பின் அவரால் வேலைக்கு வரவே முடியவில்லை. பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. பார்க்கப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இட்டுகினு போகலன்னா உசுரே போயிருக்கும்மா,” என்று அழுதார். தேவராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே எழுத முடிந்த எனக்கு, அந்த அம்மாவிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.