ஒரு முடி அளவு ஆட்டம்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் முற்றத்தில் ஒரு காரின் முன்மூடி திறந்தால் போதும், எல்லாத் தளங்களிலிருந்தும் ஆண்கள் இறங்கி வந்துவிடுவார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஒருவர் பிளம் பழச் சாராயக் குப்பியோடு வருவார், ஒருவர் ஸ்பேனரோடு, மற்றவர்கள் கருத்தோடு. உஜித்சே நகரத்தில் எல்லாக் கட்டடங்களிலும் இப்படித்தான். திஹோமிரின் பழைய வெள்ளைக் கார் மட்டும் இந்தக் கூட்டத்தின் கையில் சிக்காமலே இருந்தது. அவர் எல்லா வேலையையும் தானே செய்தார். முன்மூடியைத் திறப்பதற்கென்று மழை நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

அவர் மனைவி ராதோய்கா, சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்து ஓய்வு பெற்றவர். ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தாலும் சந்தைக்குப் போய் வருவதைத் தாண்டி ஓட்டியதில்லை. அந்தக் குளிர்காலத்தில் திஹோமிரின் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. அடுத்து, மலைக்கு அப்பால் இருக்கும் வெந்நீர் ஊற்று மருத்துவ விடுதியில் நடைப் பயிற்சி. திங்கட்கிழமை காலை அங்கே இருக்க வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த இடம் இலையுதிர் காலத்தில்தான், அதுவரை ஊன்றுகோல்தான். பேருந்துப் படியில் அவரால் ஏற முடியாது. ஆகவே மலையைக் கடப்பது ராதோய்காவின் வேலை ஆனது.

சனிக்கிழமை அவர் தனியாகப் பழகிப் பார்க்கக் கிளம்பினார். முதல் ஏற்றத்திலேயே முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல். வேகம் கூடினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. பிறகு தீய்ந்த வாசனை. ஓரமாக நிறுத்திவிட்டுக் குடிக்கிற தண்ணீரைச் சக்கரங்களின் நடுவில் தெளித்தார். வலது பக்கம் தண்ணீர் வழிந்தது. இடது பக்கம் 'சுர்' என்று ஆவியானது. நத்தை வேகத்தில் வீடு திரும்பினார்.

ஞாயிறு காலை, பட்டறைகள் எல்லாம் மூடியிருந்தன. முற்றத்தில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினோம். கட்டடமே சுற்றி நின்றது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற புதிமிர் கையால் சக்கரத்தைச் சுழற்றினார். அரைச் சுற்றுகூட ஓடாமல் நின்றுவிட்டது.

"பேரிங் போச்சு அக்கா" என்றார். "புதுசு வேணும்னா கடை நாளைக்குத்தான் திறப்பான்."

"நாளைக்குக் கடை திறக்கிறப்ப நான் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கணும் புதிமிர்."

மூன்றாம் தள பால்கனியில் ஊன்றுகோல்களோடு நின்றிருந்த திஹோமிர் கத்தினார். "பார்க்காமலே செத்துப்போச்சுன்னு சொல்லாதே! ராதோ, நடுவுல இருக்கிற மூடியக் கழட்டு. நட்டுல ஒரு பின் இருக்கும், எப்படி இருக்கு சொல்லு."

ராதோய்கா குனிந்து பார்த்தார். "பளபளன்னு புதுசா இருக்கு."

"நான் போட்டது கறுப்பா, துருப்பிடிச்சது. யாருடா என் சக்கரத்துல கை வெச்சது?"

புதிமிர் வானத்தைப் பார்த்தார், மழை வருமா என்று கணிப்பவர் போல.

"நீங்களா புதிமிர்?" என்றார் ராதோய்கா.

"குளிர்கால டயர மாத்தினோமே, திஹோ ஆஸ்பத்திரில இருந்தப்ப... அன்னிக்குச் சக்கரத்த ஆட்டிப் பார்த்தேன். லேசா ஆடுச்சு. பொம்பள தனியா ஓட்டப் போற வண்டி, ஆடலாமா? கொஞ்சம் இறுக்கினேன். ஒரு நல்லது பண்ணிட்டு அதத் தண்டோரா போடணுமா?"

"கொஞ்சம் இறுக்கினா இப்படி நிக்காதே!" என்றது பால்கனி.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஸ்லாவோல்யுப் தொண்டையைச் செருமினார். "நானும் ஒரு நாள் விடிகாலைல... மலைப் பாதைக்குப் போற சக்கரமாச்சேன்னு இன்னும் ஒரு கால் திருப்பு."

"அட என் அருமை அண்டை வீட்டுக்காரங்களா!" திஹோமிர் ஊன்றுகோலைக் கம்பியில் தட்டினார். "அது ஆடணும்டா! ஒரு முடி அளவு ஆட்டம் இருந்தாத்தான் சூடானதும் உள்ள இருக்கிற உருளைக்கு விரிய இடம் இருக்கும். வலது பக்கத்தத் தொட்டீங்களா?"

"இல்ல, டயர் மாத்தின அன்னிக்கு அதுக்குள்ள உன் பொண்டாட்டி காப்பி கொண்டுவந்துட்டா" என்றார் ஸ்லாவோல்யுப். அதுவரை இறுகியிருந்த ராதோய்காவின் முகத்தில் முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. உருளைகள் வெந்து நீலம் பாய்ந்திருந்தால் எஃகின் உரம் போய்விட்டது என்று பொருள். தளர்த்தி விட்டும் பயனில்லை. ராதோய்கா நட்டைக் கழற்றிப் பேரிங்கை வெளியே எடுத்தார். கிரீஸ் காய்ந்து வறுத்த காப்பிப்பொடி போல இருந்தது. ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயில் போட்டுத் தூரிகையால் தேய்த்தார். கழுவித் துடைத்து, காலர் தையலைச் சோதிப்பவர் போல ஒவ்வோர் உருளையாக வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு அவை உட்கார்ந்து ஓடும் வளையத்தையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"வெள்ளையா இருக்கு" என்றார். பிறகு மேலே பார்த்துச் சத்தமாக, "எல்லாம் வெள்ளை, திஹோ! கீறலும் இல்ல!"

திஹோமிர் பால்கனி நாற்காலியில் உட்காரும் சத்தம் கீழே கேட்டது.

மீதி வேலை அவர் சொல்லச் சொல்ல நடந்தது. ராதோய்கா புதுக் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, மறுபக்கம் பிதுங்கும் வரை உருளைகளுக்கு நடுவே அழுத்தினார். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தினார். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கைக்கு மட்டும் தெரிகிற ஒரு 'டுக்'. புதிமிரையும் அசைத்துப் பார்க்கச் சொன்னார். அவர் முகம் புளிப்பைத் தின்றது போல் ஆனது. ஆனாலும் புதிய பின்னை அவரே மாட்டினார்.

அடுத்தது காரின் இருக்கை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு திஹோமிர் முழங்காலைவிட இடுப்பு தாழும்படி உட்காரக்கூடாது. இதைக் கேள்விப்பட்டு ஆளுக்கொரு தலையணை கொடுத்திருந்தார்கள். புதிமிரின் மனைவி மிலேவா கொடுத்தது வாத்துச் சிறகு அடைத்தது. எல்லாவற்றையும் அடுக்கி ஒத்திகைக்குக் காரில் உட்கார வைத்தபோது திஹோமிரின் தலை கூரையில் முட்டியது, பின்பக்கமோ மெத்தென்று உள்ளே போனது.

"கட்டில்லயே படுக்க வெச்சு ஓட்டிட்டுப் போ" என்றார் அவர்.

ராதோய்கா எல்லாத் தலையணைகளையும் எடுத்துவிட்டார். பழைய மெத்தையின் கெட்டி ரப்பர் பஞ்சை வெட்டி, பின்னால் உயரமும் முன்னால் தாழ்வுமாகத் தைத்தார். இருக்கையைக் கடைசி வரை பின்னே தள்ளினார், சாய்மானத்தைச் சற்றுச் சரித்தார். மேலே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தார்; அதன்மேல் உட்கார்ந்தால் கால் முறுக்காமல் அப்படியே வழுக்கித் திரும்பலாம். திஹோமிர் உட்கார்ந்தார், திரும்பினார், ஒரு தடவைகூட முனகவில்லை.

"என் தலையணைக்கு என்ன குறைச்சல்?" என்றார் மிலேவா.

"அது உன் புருஷன் மாதிரி மிலேவா. ரொம்ப நல்லது, அதான் பிரச்சினை."

திங்கள் விடிந்ததும் கிளம்பினார்கள். பயணம் தண்ணீர்போல் ஓடட்டும் என்று மிலேவா காரின் பின்னால் ஒரு குடுவைத் தண்ணீரை ஊற்றினார். "சக்கரத்து மேல ஊத்தாதேடி!" என்று புதிமிர் அலறினார்.

பிற்பாடு ராதோய்கா சொன்னது இது. மலை உச்சியில் நிறுத்தி இறங்கி, இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்தாராம். இரண்டும் ஒரே சூடு, அடுப்பிலிருந்து எடுத்துச் சற்று ஆறிய ரொட்டி போல. "என்ன?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டாராம் திஹோமிர். இவருக்கு அழுகைதான் வந்ததாம். அங்கேயே உட்கார்ந்து, கொண்டுபோன சீஸ் அடைத்த ரொட்டியை இருவரும் தின்றுவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

விடுதியில் பெயர் பதிந்ததும் ராதோய்கா மிலேவாவின் தொலைபேசிக்கு அழைத்தார். முற்றத்தில் நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். புதிமிர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"அக்கா, முனகுச்சா?"

"இல்ல புதிமிர். வண்டியும் முனகல, அவரும் முனகல."

"சக்கரத்துல ஆட்டம் இருக்கா?"

"இருக்கு."

புதிமிரின் கை தானாக ஒரு ஸ்பேனரைத் திருப்புவது போல் காற்றில் அசைந்தது. பிறகு அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் நுழைத்துக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும்" என்றார்.