துப்பாக்கி கெட்டுப்போயிருக்கட்டும், ஆண்டவரே!

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் எல்லோரும் மழைக்காகவும் தேசத்துக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆண்டவரே, என் மனைவியின் துப்பாக்கி கெட்டுப்போயிருக்க வேண்டும்!

பயந்துவிடாதீர்கள். ஏர் ரைஃபிள்தான்.

என் மனைவி எஸ்தரை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். எழுதும்போது நான் அவளைக் கிண்டல் செய்வேன், அச்சில் வந்த பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்வாள். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. வயது நாற்பத்திரண்டு. (இதை எழுதியதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்வேன்.) கல்லூரி என்.சி.சி.யில் பிடித்த துப்பாக்கியை, பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடியும் கையில் எடுத்தாள். ஆறு வருஷமாக, ஞாயிறு தவறாமல், சரவணம்பட்டி தாண்டி ஒரு பொட்டல் காட்டில் இருக்கும் ரைஃபிள் கிளப்புக்குப் போகிறாள்.

அவள் சுடுவது ஓபன் சைட். லென்ஸ், கிண்ஸ் எதுவும் கிடையாது. குழலின் பின்பக்கம் சின்னதாக ஒரு வெட்டு, முன்பக்கம் ஒரு முளை. வெட்டுக்கு நடுவில் முளையை நிறுத்தி, முளைக்கு மேலே பத்து மீட்டர் தள்ளி இருக்கும் கறுப்பு வட்டத்தை உட்காரவைத்து, மூச்சை அடக்கிச் சுட வேண்டும். நானும் ஒருமுறை சுட்டேன். குண்டு போன இடம் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எஸ்தர் சுட்டால் ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பட்டனுக்குள் அடங்கும். அடங்கிக்கொண்டிருந்தது... மூன்று மாதம் முன்பு வரை.

அப்புறம் என்ன ஆயிற்றோ, குண்டுகள் ஏணிப்படி மாதிரி மேலும் கீழுமாக விழ ஆரம்பித்தன. மார்க் சரிந்தது. அடுத்த மாதம் மெட்ராஸில் மாநிலப் போட்டி. கிளப் செகரட்டரியிடம், "லிஸ்ட்டுல இருந்து என்ற பேரை அடிச்சுப்போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஏன் என்று கேட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்கப்பனுக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது."

என் மாமனார் ஃபவுண்டரியில் மோல்டராக இருந்தவர். மணலில் அச்சு எடுப்பது அவர் வேலை. துளி மணல் சரிந்தாலும் வார்ப்பு வீண். அப்படிப்பட்ட கை நாற்பத்தைந்து வயதில் நடுங்கத் தொடங்கியது. சில வருஷத்தில் டம்ளர் பிடிக்க முடியவில்லை. கடைசிக் காலத்தில் அவருக்குக் காபியை ஸ்பூனில் ஊட்டியவள் எஸ்தர்.

டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். "பார்க்கலாமுங்க... அப்பறமேட்டுக்கு" என்றாள். பெரிய பயம் வரும்போது எல்லோரும் செய்வதுதானே? தெரிந்துகொள்ளாத வரைக்கும் ஒன்றுமில்லை.

இந்த மூன்று மாதத்தில் என் வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் காபிதான். முன்பெல்லாம் முக்கால் டம்ளர் வரும். இப்போது தினமும் காலையில் விளிம்பு வரைக்கும், தளும்பத் தளும்ப. சோகத்தில் இருக்கும்போதுகூட நம்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டு உறிஞ்சிக் குடித்தேன்.

செகரட்டரி பழனிசாமியண்ணன் பேரை அடிக்கவில்லை. அவர் அன்னூர்க்காரர். கணபதியில் பம்புசெட் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். மனிதன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது என்பது அவர் கட்சி. புதன்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மணி, கையைக் குத்தம் சொல்றதுக்கு முன்னால துப்பாக்கியை ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்க. குண்டு ஒருக்கா வேகமாவும் ஒருக்கா மெதுவாவும் போனாலும் இப்படி மேலயும் கீழயும்தான் உழுகும். ஸ்ப்ரிங் போயிருந்தா அந்த மாதிரி ஆகுமுங்க. அமெரிக்காவுல இருந்து பையன் ஒரு பொட்டி அனுப்பியிருக்கறான். குண்டோட வேகத்தை அளக்கறதுங்க அது."

குரோனோகிராஃப் என்று பெயர். நான் கைக்கடிகாரம் என்று நினைத்துவிட்டேன். செருப்பு டப்பா அளவுதான் இருக்கிறது. மேல்பக்கம், ஒரு அடி இடைவெளியில் இரண்டு கண்கள். இரண்டும் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். குண்டு மேலே பறக்கும்போது அதன் நிழல் முதல் கண்ணில் விழும், பிறகு இரண்டாவதில். நடுவில் ஆன நேரத்தைக் கணக்குப் போட்டு, நொடிக்கு இத்தனை அடி என்று டப்பாவின் பக்கவாட்டில் எண் காட்டும்.

ஆக, விஷயம் இவ்வளவுதான். எண்கள் தாறுமாறாக வந்தால் துப்பாக்கி மேல் தப்பு. ஒரே சீராக வந்தால்...

சீராக வரக் கூடாது. அதற்குத்தான் அந்த ஜெபம்.

ஆராதனை முடிந்த கையோடு ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். கிளப் ஷெட்டுக்குள், டியூப்லைட் வெளிச்சத்தில், பழனிசாமியண்ணன் துப்பாக்கியை மணல் மூட்டைமேல் படுக்கவைத்துத் தயாராக இருந்தார். மூட்டைமேல் வைத்து அவரே சுடுவார். யார் கை நடுங்கினாலும் கணக்கில் வராது.

முதல் குண்டு. எண் வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது... ம்ஹூம். அண்ணன் டப்பாவைத் தட்டினார். தலைகீழாகக் கவிழ்த்தார். வயரைப் பிடுங்கிச் சொருகினார். எஸ்தர்தான் குனிந்து பார்த்துவிட்டு, பல நாள் கழித்துச் சிரித்தாள்.

"ஏனுங்கண்ணா, இதோட கண்ணுமேலயே பொட்டு வெச்சுப்போட்டீங்களே!"

புது மெஷின் எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அண்ணன் சுவிட்சைத் தொட மாட்டார். மோட்டாருக்கு எங்கே வைத்தாலும் ஓடும். இதற்கு, முகத்துக்கு எடுப்பாக இருக்குமே என்று இரண்டு கண்ணிலும் அப்பிவிட்டிருக்கிறார். வேட்டி நுனியை நனைத்துத் துடைத்தார்.

இப்போது எண் வந்தது. ஆனால் ஒன்று இருநூறு, அடுத்தது மூவாயிரம். மூவாயிரம் அடி வேகத்தில் போக அதென்ன ராக்கெட்டா? கூடவந்த புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்தது. நம் கண்ணுக்குத்தான் டியூப்லைட் நின்று எரிகிறது. டப்பாவின் கண்ணுக்கு அது கண்ணடித்துக்கொண்டே இருக்கிறதாம். எல்லாவற்றையும் வெளியே வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இலை நிழல் ஆடியதால் அங்கேயும் குழப்பம். அண்ணன் காரிலிருந்து துவைத்த மல் வேட்டி ஒன்றை எடுத்துவந்து, நான்கு கழியில் பந்தல் மாதிரி கட்டினார். அடியில் பால் மாதிரி சீரான வெளிச்சம்.

பிறகுதான் முக்கியமான வேலை. குண்டு இரண்டு கண்ணுக்கும் நேர் மேலே, ஒரே உயரத்தில் போக வேண்டும். கோணலாகப் போனால் கணக்கும் கோணல். அண்ணன் கொத்தனார் நூல் ஒன்றைக் குறி அட்டையின் நடுவிலிருந்து குழல் வாய் வரைக்கும் இழுத்துக் கட்டினார். நூலுக்குக் கீழே நான்கு விரல் விட்டு டப்பாவை வைத்து, அதன் முதுகில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவுக்கு வரும் வரை அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகினார். ஒரு மணி நேரம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற நிதானம். கடைசியில் நூலை அவிழ்த்தார்.

நான் நோட்டும் பேனாவுமாக டப்பா பக்கம் போனேன். எஸ்தர் மறித்தாள்.

"படிக்கறது நானு. நீங்க அங்கயே நின்னு எழுதுங்க. உங்களை உட்டா, எனக்கு நல்லதுன்னு இல்லாத நம்பரையெல்லாம் சொல்லிப்போடுவீங்க."

இருபது வருஷம் கூடவே குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

அண்ணன் சுடுவார். சுட்டதும் துப்பாக்கியைத் திறந்து வைப்பார். எஸ்தர் பக்கவாட்டில் போய் எண்ணைப் படிப்பாள். நான் எழுதுவேன்.

"ஐநூத்தி முப்பத்திநாலு."

"ஐநூத்தி எம்பத்திமூணு."

"முப்பத்தாறு... எம்பத்தெட்டு... முப்பத்தஞ்சு..."

பத்து குண்டு முடிந்தது. ஒருமுறை முப்பது, ஒருமுறை எண்பது. தாறுமாறு! அண்ணன் துள்ளிக் குதிக்காத குறைதான்.

"நான் சொல்லலைங்களா அம்மணி? ஸ்ப்ரிங் போச்சுங்க! உங்க கை தங்கமான கைங்க!"

எஸ்தர் மரத்தில் சாய்ந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணை மூடி, கேட்டதைக் கொடுத்தவருக்கு நன்றி சொன்னேன்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். பத்தி எழுதுகிறவன் புத்தி... டப்பாவில் எண் எப்படித் தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் எழுத உதவுமே என்று எட்டிப் பார்த்தேன். கடைசிக் குண்டின் எண் இன்னும் அழியாமல் நின்றது.

536.

நோட்டில், என் கையெழுத்தில், கடைசி எண் 586.

அப்படியானால் அவள் எண்பது என்று படித்ததெல்லாம் முப்பதுதான். துப்பாக்கியில் தப்பே இல்லை! இதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்? ஸ்ப்ரிங்கை மாற்றட்டும், அவள் நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கட்டும். ரீசெட் பட்டன் வரைக்கும் என் விரல் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் மூளையில் உறைத்தது. மூன்றை எட்டு என்று எதற்குப் படித்தாள்?

ஒவ்வொரு தடவையும் எண்ணைப் படிக்க எஸ்தர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. வரிசையாக இன்னும் ஞாபகம் வந்தது. டெலிபோன் டைரக்டரியைக் கொஞ்ச நாளாக என்னிடம் நீட்டுகிறாள். அரிசியில் கல் பொறுக்க மகளைக் கூப்பிடுகிறாள். பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் மனப்பாடமாகவே பாடுகிறாள், அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குண்டு வைத்திருந்த தகர டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படி எஸ்தரு."

"எதுக்குங்க?"

"படியேன்."

கண்ணருகே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். கை முழுசாக நீண்டுவிட்டது, அதற்கு மேல் நீள இடமில்லை.

"எழுத்து ரொம்பப் பொடுசா இருக்குதுங்க."

"எழுத்தை உடு. உன் கையைப் பாரு."

பார்த்தாள். நானும் பார்த்தேன். முழுசாக நீட்டிய கை, நுனியில் கனமான தகர டப்பா. அது அப்படியே நின்றது. இம்மிகூட ஆடவில்லை.

பழனிசாமியண்ணனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. குரோனோகிராஃபின் எண்ணையும் நோட்டையும் ஒருமுறை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தன் மூக்குக்கண்ணாடியை உருவி நீட்டினார்.

"அட, வெள்ளெழுத்துங்க அம்மணி! கிட்டத்துல இருக்கறதெல்லாம் மங்கிப்போகுமுங்க. எனக்கு நாப்பதுலயே வந்துபோச்சு. இதைப் போட்டுட்டு சும்மா ஒருக்கா சைட்டைப் பாருங்க."

கறுப்பு ஃபிரேம், கனத்த கண்ணாடி. முகத்தில் பாதியை அதுவே மறைத்தது. துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்தாள். வெகுநேரம் சுடவே இல்லை.

"ஏனுங்க... இந்த வெட்டுக்கு ஓரம் இருக்குதுங்க."

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கண்ணாடியோடு தேம்பித் தேம்பி அழுதாள். ஐம்பத்தெட்டு வயது செகரட்டரி வேட்டிப் பந்தலை அவிழ்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. கூடவே அழுதேன்.

நொடிக்கு ஐநூற்று முப்பத்தாறு அடி பறக்கிற குண்டைத் துல்லியமாக அளக்க, கடல் தாண்டி ஒரு டப்பா வருகிறது. அதற்கு நூல் பிடித்து, மட்டம் பார்த்து, பந்தல் போட்டு ஒரு பகல் செலவழிக்கிறோம். ஒரே மேஜையில், எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறவள் பேப்பரை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறாள் என்று பார்க்க என்ன செலவாகியிருக்கும்? ஊரில் நடப்பதையெல்லாம் வாராவாரம் பார்த்து எழுதுகிறவனாம் நான்! சந்தனப் பொட்டு அந்த டப்பாவின் கண்ணில் மட்டும் இல்லை.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து காதுக்குள் சொன்னாள்.

"தெனமும் காத்தால காபியை நெறைய ஊத்தி, சமையல்கட்டுல இருந்து உங்ககிட்ட வரைக்கும் கொண்டாருவனுங்க. சிந்தலைன்னா, இன்னிக்கு வரலைன்னு அர்த்தம்."

"என்னிக்காவது சிந்துச்சா?"

"இல்லீங்க. ஆனா நாளைக்குச் சிந்திப்போடுமோன்னு தெனமும் இருக்குமுங்க."

வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மூன்று மாதம், ஒவ்வொரு காலையும், அந்தப் பத்தடி தூரத்தை அவள் தனியாக நடந்திருக்கிறாள். மறுமுனையில் நான் பேப்பரிலிருந்து நிமிராமல் கையை மட்டும் நீட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை கண் டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதே தெம்பில் எங்கள் குடும்ப டாக்டரிடமும் போனோம். கையை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "மெட்ராஸ் போய் நல்லா சுட்டுட்டு வாங்கம்மா" என்றார்.

வியாழக்கிழமை கண்ணாடி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை காபி வந்தது. முக்கால் டம்ளர்.